மோர் மிஷினும் மூன்றாம் ஓலையும்

புல் வெட்டும் இயந்திரத்துக்கு இங்கிலீஷில் ‘லான் மோவர்’ என்று பெயர். துரைமார் வாயில் அது மோவர். எங்கள் வாயில் அது மோர். நான் வேலை பார்த்த கிளப்பில் வாட்ச்மேனிலிருந்து கமிட்டி மெம்பர்களின் டிரைவர்கள் வரைக்கும் எல்லோரும் ‘மோர் மிஷின்’ என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்லால் எனக்குக் கல்யாணம் கூடி வந்தது. அதே சொல்லால் அது நின்று போகவும் பார்த்தது.

போன மாதம் அதே கிளப்பிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் என்னைத் தேடி சாந்தோமுக்கு வந்தார்கள். கரண்டில் ஓடுகிற புது மிஷின் வாங்கியிருக்கிறார்களாம். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே அது நின்றுவிட்டது. கம்பெனி ஆள் வந்து பார்க்கும் வரைக்கும் அதற்கு மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம், பிணத்துக்குப் போடுகிற மாதிரி. “உங்க காலத்துல ஸ்பேர் பார்ட்ஸ் இல்லாம எப்படி சார் ஓட்டுனீங்க? எழுதிக் குடுங்க” என்றார்கள். எழுதுகிறேன். நடுவில் என் கல்யாணம் புகுந்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. அந்த மிஷினையும் என் கல்யாணத்தையும் அப்போதே யாராலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

என் படிப்பு பெரிய படிப்பு. லஸ் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன், திட்டு வாங்கினேன், பின் சக்கரத்து ஃப்ரீவீலைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டேன். அங்கே ஒருநாள் தன் சைக்கிளை ரிப்பேருக்கு விட்ட ஆராவமுத ஐயங்கார், அதைத் திருப்பி வாங்கும்போது பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, குனிந்து, அதற்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். நோயாளி நெஞ்சில் டாக்டர் காது வைக்கிற மாதிரி. நிமிர்ந்து என்னைப் பார்த்து, “நீ பூட்டினதா?” என்றார். “ஆமாம் சாமி” என்றேன். “நாளைக்குக் கிளப்புக்கு வா” என்றார். அடையாற்றுக் கரையில் இருந்த அந்தக் கிளப்பில் அவர்தான் கிரவுண்ட் சூப்பிரண்டு. அங்கே போன பிறகு வேலையின் நிபந்தனையைச் சொன்னார். “மிஷின் ஓடற வரைக்கும் உனக்கு வேலை. மிஷின் நின்னுதுன்னா நீயும் நின்னுக்கோ.”

மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்க அது பெரிய கோழிக்கூடு மாதிரி இருக்கும். பின்னால் கனமான இரும்பு உருளை. அது தரையில் உருண்டால், பக்கத்துப் பல்சக்கரங்கள் முன்னால் இருக்கும் முறுக்குப் பிளேடுகளைச் சுற்றும். கீழே அசையாத ஒரு பிளேடு. இரண்டுக்கும் நடுவே மாட்டிய புல் கத்தரித்த மாதிரி பறந்து பெட்டியில் விழும். எஞ்சின் கிடையாது. நாங்கள்தான் எஞ்சின். ஒருவர் முன்னால் கயிற்றை நெஞ்சில் மாட்டிக்கொண்டு இழுக்க வேண்டும், ஒருவர் பின்னால் கைப்பிடியைத் தள்ள வேண்டும். பின்னால் தள்ளியவன் முனுசாமி, சைதாப்பேட்டைக்காரன். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாதவன். நான் ஃபிட்டர், இழுக்க வேண்டியவன் இல்லை. ஆனால் இழுக்கிறவன், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ஊர் காலியான சமயத்தில் வேலூர்ப் பக்கம் போனவன், போனவன்தான். ஊரில் மனிதர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புல் வளர்ந்துகொண்டிருந்தது. புல்லுக்கு ஜப்பான்காரன் பயம் கிடையாது. கயிறு என் நெஞ்சுக்கு வந்தது.

“இன்னா நைனா, ஃபிட்டர்னு வந்துட்டு மாடு கணக்கா இஸ்துகினு கீறே!” என்று முனுசாமி பின்னாலிருந்து சிரிப்பான். “நீ ஓட்டுற மாட்டுக்குக் கோபம் வந்தா உதைக்கும்” என்பேன். இப்படியே வேலை நடந்தது.

ஐயங்கார் தூங்குமூஞ்சி மரத்தடியில் பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்தால் தொலைந்தோம். மயிலாப்பூரில் கச்சேரி ஒன்றுகூட விடாத மனிதர். மிஷினையும் அப்படித்தான் கேட்பார். நாங்கள் மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும்போது மரத்தடியிலிருந்து என் பேரைச் சொல்லிக் குரல் வரும்.

“சூசை! வலது பக்கம் ஒட்டிண்டு ஓடறது. இடது பக்கம் சும்மா சுத்தறது. ஸ்ருதி சேரலை.”

போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஒரு தடவையாவது தப்பாகச் சொல்ல மாட்டாரா என்று வேண்டிக்கொண்டதுகூட உண்டு. அவர் மிஷின் ‘கெட்டுப் போச்சு’ என்று ஒருநாளும் சொன்னதில்லை, ‘உடம்பு சரியில்லை’ என்பார். அதே மாதிரி, ‘நன்றாக ஓடுகிறது’ என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு ஸ்ருதி சேரவே சேராது.

காலையில் புல்லில் பனி காய்ந்ததும் பேப்பர் பரீட்சை நடக்கும். ஐயங்கார் மடியிலிருந்து அன்றைய பேப்பரை எடுத்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழிப்பார். யுத்தச் செய்தி போட்ட பக்கத்தைத்தான் கிழிப்பார். கச்சேரி விளம்பரம் இருக்கும் பக்கத்தைத் தொட மாட்டார். அந்தத் துண்டைப் பிளேடுக்கும் அடிப்பிளேடுக்கும் நடுவே நான் பிடிக்க வேண்டும். முனுசாமி உருளையை மெல்லக் கையால் நகர்த்துவான். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று எங்கே பிடித்தாலும் காகிதம் கத்தரிக்கோல் பட்ட மாதிரி விழ வேண்டும். மடிந்தால் அந்தப் பக்கத்துத் திருகைத் துளி முடுக்க வேண்டும். ஆர்வத்தில் அதிகம் முடுக்கினால் பிளேடுகள் உரசிச் சூடாகி, இழுக்கிறவன் நெஞ்செலும்பு நொறுங்கும். இழுக்கிறவன் நானே என்பதால் இந்தப் பாடம் எனக்குச் சீக்கிரம் ஏறியது.

“இன்னிக்கு ஜெர்மனியை வெட்டு பாக்கலாம்” என்பார் ஐயங்கார். ஜெர்மனி சுத்தமாக விழும். “ம். இத்தாலி?” இத்தாலி மடிந்துகொள்ளும். “பாத்தியா, இத்தாலி எப்பவும் இப்படித்தான். இடது திருகைத் தொடு.”

ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல்கள் கடலுக்கு அடியில் கிடந்தன. ஆகவே கிடைத்ததைப் போட்டு ஓட்டினோம். பிளேடுகளுக்கு முன்னால் தாங்கலாக இருந்த சின்ன மர உருளையைக் கறையான் தின்றது. அதே வாரத்தில் கிளப் சமையல்கட்டில் இரண்டு பூரிக்கட்டைகள் காணாமல் போயின. பட்லர் என்னைச் சந்தேகப்பட்டார். சந்தேகம் சரியானதுதான், ஆனால் நிரூபிக்க முடியவில்லை, ஏனென்றால் அவற்றுக்கு நான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தேன். மூர் மார்க்கெட்டில் சைக்கிள் செயின் வாங்கி மிஷின் செயினுக்கு ஒட்டுப் போட்டேன். பிளேடு தீட்ட எமரித்தூள் கிடைக்காதபோது, சைதாப்பேட்டையில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த காதர் பாய் தன் சாணைக்கல்லின் கீழே தேங்கும் சேற்றை வழித்துக் கொடுப்பார். அதை விளக்கெண்ணெயில் குழைத்துப் பிளேடில் தடவி, பிளேடுகளைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். முதலில் கரகரவென்று கத்தும். கூர் ஏற ஏறச் சத்தம் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் பட்டுப்புடவை மடிக்கிற மாதிரி ஒரு ஓசை வரும். ஐயங்கார் தலையை ஆட்டுவார். ஆட்டிவிட்டு, “இன்னும் கொஞ்சம்” என்பார்.

இந்த லட்சணத்தில்தான் என் அத்தை மரியம்மாள் எனக்குப் பெண் பார்த்தாள். பெண் பிலோமினா, பங்குப் பள்ளிக்கூடத்துச் சவரிமுத்து வாத்தியாரின் மகள். வாத்தியார் மதுவிலக்குப் பிரசங்கி. குடிப்பவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டார். அத்தை போய், “பையன் அடையாறு கிளப்புல மோர் மிஷின் மேல இருக்கான்” என்று சொல்லியிருக்கிறாள். நான் அவளிடம் சொன்ன வார்த்தையைத்தான் சொன்னாள், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாத்தியார் உடனே சம்மதித்துவிட்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நான் பிலோமினாவை ஒரே ஒரு தடவை, பூசை முடிந்து கோயில் படியில் பார்த்தேன். முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள், யாரும் பார்க்காதபோது தன் தலையை விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். கையை வைத்துப் பார்த்தால் என் தலைமுடியில் ஒரு புல். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான்.

கத்தோலிக்கர்களான எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். மூன்று ஓலையும் தடையில்லாமல் போனால்தான் தாலி. முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவது ஓலை வாசித்த அன்று, வாத்தியார் என் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார்.

“தம்பி, துரைமாருக்கு மோர்ல உப்பு போடுவீங்களா?”

இதென்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. மாமனார் ஆகப்போகிறவர் கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும். “தெரியலீங்க ஐயா, அதெல்லாம் பட்லர் பார்த்துக்கிறது” என்றேன்.

“நல்லது. நீ மிஷினோட நின்னுக்கோ. விஸ்கி ஓடுற இடத்துல மோர் கடைஞ்சு குடுக்கிறவன், பாலைவனத்துல தண்ணி குடுக்கிறவன். மதுவிலக்குச் சங்கத்துல எல்லார்கிட்டயும் உன்னைப் பத்தித்தான் சொல்லிட்டு இருக்கேன். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. வந்து உன் மிஷினைக் கண்ணால பார்க்கிறேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நாலு பேரைக் கூப்பிட்டு, “இவர்தான் அந்த மோர்த் தம்பி” என்று அறிமுகம் செய்துவைத்தார். அவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த இடத்தில், ‘ஐயா, நான் புல் வெட்டுகிறவன்’ என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து அத்தையிடம் கத்தினேன். “நீ சொன்னதைத்தானே நான் சொன்னேன்? மோர்னா மோர்தானே?” என்றாள் அவள். நியாயம்தான். ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சனிக்கிழமை அவர் வரும்போது மிஷின் சிங்கம் மாதிரி ஓட வேண்டும். இவ்வளவு பெரிய இரும்பு மிஷினைக் கட்டி ஆளுகிற ஃபிட்டர் என்று பார்த்தால், மோரை மன்னித்துவிடுவார்.

திங்கட்கிழமை மிஷினின் நாக்கு தேய்ந்து போனது.

நாக்கு என்று நாங்கள் சொன்னது, பல்சக்கரத்துக்குள் இருக்கும் சுண்டுவிரல் நுனி அளவு இரும்புத் துண்டு. சைக்கிள் ஃப்ரீவீலுக்குள் இருப்பது மாதிரிதான். மிஷினைப் பின்னால் இழுத்தால் டிக் டிக் என்று வழுக்கிக்கொண்டு போகும். முன்னால் தள்ளினால் பல்லைக் கவ்விப் பிடித்துப் பிளேடுகளைச் சுற்றும். நாக்கு கவ்வாவிட்டால் உருளை உருளும், பிளேடு சுற்றாது. மிஷின் புல்லின் மேலே ஊர்வலம் போகும், அவ்வளவுதான்.

ஐயங்காரிடம் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, “செக்ரட்டரி துரை நேத்திக்கே கேட்டான். சனிக்கிழமை சாயங்காலம் டென்னிஸ். மிஷின் ஓடலேன்னா யுத்தத்துக்கு இரும்பா குடுத்துடறதாம், அரிவாள் வெச்சு அறுக்க ஆள் விடறதாம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “உனக்குக் கல்யாணம் ஓலை வரைக்கும் வந்துடுத்துன்னு முனுசாமி சொன்னான்” என்றார். அவரிடம் மோர் விஷயத்தை முழுக்கச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “போ, காதர்கிட்ட போ” என்றார்.

முதல் நாக்கைப் பெரிய ஆணியில் நானே அரத்தால் ராவிப் போட்டேன். மெத்து இரும்பு, நாலு தடவை போய் வருவதற்குள் வெண்ணெய் மாதிரி மழுங்கியது. இரண்டாவதை ஒரு பழைய அரத்தை உடைத்துச் செய்தேன். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். பூட்டி முனுசாமி ஒரு தள்ளுத் தள்ளினான், டப் என்று இரண்டாக உடைந்தது. “நைனா, உன் கண்ணாலம் மாரியே சத்தம் வந்துச்சு” என்றான். அவனை அடிக்கக் கையை ஓங்கினேன், ஓடிவிட்டான்.

காதர் பாய் உடைந்த நாக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “தம்பி, முதல்ல போட்டது கோழை, ரெண்டாவது போட்டது முரடன். நமக்கு ரெண்டுக்கும் நடுவுல ஒரு குடும்பஸ்தன் வேணும்.” ஒரு ஜட்கா வண்டியின் பழைய வில்லுப் பட்டையிலிருந்து துண்டு வெட்டினார். நான் ராவிக் கொடுத்தேன். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டார். அதோடு விடவில்லை. அதை மண்ணால் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒரு சூடான தகட்டின் மேல் வைத்து, மறுபடியும் மெல்லச் சூடேற்றினார். வெள்ளை இரும்பின் மேல் மெதுவாக ஒரு மஞ்சள் படர்ந்தது. “இது வைக்கோல் கலர். கொஞ்சம் பொறு… இப்ப பழுத்த வைக்கோல்… பிஸ்மில்லாஹ்!” என்று தூக்கி எண்ணெயில் போட்டார். “இது உடையாது, மழுங்காது. பொண்ணு வூட்டுக்காரங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.”

அந்த நாக்கைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங் உண்டு. பழையது துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. அவசரத்துக்கு ஒரு குடையின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். யாருடைய குடை என்று கேட்க வேண்டாம், பட்லர் இன்னும் உயிரோடு இருந்தாலும் இருக்கலாம்.

சனிக்கிழமை காலை மிஷின் கிர்ர்ர் என்று கிளம்பியது. காகிதப் பரீட்சையில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் விழுந்தன. பாதி மைதானம் முடிந்திருக்கும், கோட்டும் தலைப்பாகையும் குடையுமாகச் சவரிமுத்து வாத்தியார் வந்து சேர்ந்தார். வெயிலில் நடந்து வந்திருக்கிறார், நாக்கு வறண்டிருந்தது. நேராக ஐயங்காரிடம் போனார். கயிறு நெஞ்சில் இருந்ததால் நான் ஓடிப் போக முடியவில்லை. பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

“ஐயா, இங்க மோர் மிஷின்ல சூசைன்னு ஒரு பையன்…”

“அதோ, இழுத்துண்டு வரானே, அவன்தான்.”

வாத்தியார் என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். “மாடு எங்க?” என்றார்.

“மாடு இல்லை ஓய். அவனேதான்.”

“மோர்?”

“அதான் மோர்.”

“அதுவா?” வாத்தியார் மிஷினைச் சுற்றி வந்தார். குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இதுல தயிர் எங்க ஊத்துறது?”

முனுசாமி அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். நான் கயிற்றைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மோவர், மோர், அத்தை, ஃபிட்டர் வேலை எல்லாம். வாத்தியார் முகம் கறுத்துப் போயிற்று. சங்கத்தில் அத்தனை பேரிடம் சொன்னாரே, அந்த அவமானம். கடைசியில் ஐயங்காரிடம், “மோர் போகட்டும். இந்த வேலை நிரந்தரமா?” என்று கேட்டார்.

ஐயங்கார் பொய் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் சொல்லவில்லை. “மிஷின் ஓடற வரைக்கும்.”

“மிஷின் எது வரைக்கும் ஓடும்?”

“அது பெருமாளுக்குத்தான் தெரியும்.”

வாத்தியார் குடையை மடக்கினார். “அப்ப நான் உக்காந்து பார்க்கிறேன். இந்த மைதானம் முடியிற வரைக்கும் ஓடுனா நாளைக்கு மூணாவது ஓலை. நடுவுல நின்னா, தடை சொல்றது நானா இருப்பேன்.” முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்த மனிதர். ஐயங்காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மேற்பார்வைக்கு உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார்.

இழுத்தேன். என் ஆயுளில் அப்படி இழுத்ததில்லை. புல் பெட்டியில் பறந்து விழுந்தது. காதர் பாயின் குடும்பஸ்தன் கவ்விப் பிடித்தான். மைதானத்தில் இன்னும் நாலைந்து வரிசைதான் பாக்கி. ஆற்றுப்பக்கம் திரும்பும்போது உள்ளே ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம். கயிறு இலேசானது. பூ மாதிரி இலேசானது. நாக்கு உடையவில்லை, குடை ஸ்பிரிங் தெறித்துவிட்டது. உருளை உருண்டது, பிளேடுகள் செத்துக் கிடந்தன. கிர்ர்ர் சத்தமே இல்லை. பிலோமினா போய்விட்டாள் என்று நினைத்தேன். நிற்கப் போனேன்.

அப்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது. “கிர்ர்ர்ர்ர்…”

திரும்பிப் பார்த்தேன். முனுசாமி. கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைக்க, வாயாலேயே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கண்ணால், ‘போ, போ’ என்றான்.

நான் மரத்தடியைப் பார்த்தேன். வாத்தியாரை நான் பார்க்கவில்லை, ஐயங்காரைத்தான் பார்த்தேன். ஒரு துளி திருகு தளர்ந்தால் அந்தக் கோடியிலிருந்து கண்டுபிடிக்கிற காது அது. அவர் கண் திறந்தது. என்னைப் பார்த்தார், முனுசாமியைப் பார்த்தார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்.

“ஆஹா! இன்னிக்குத்தான்டா ஸ்ருதி சேர்ந்தது. நிக்காதே, இழு!”

என் உத்தியோக காலம் முழுக்க அவரிடம் நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான். மிஷின் செத்த பிறகு கிடைத்தது.

கடைசி வரிசை வரைக்கும் இழுத்தேன். ‘கிர்ர்ர்’ விடாமல் வந்தது. முடிந்ததும் முனுசாமி கைப்பிடி மேலேயே சாய்ந்துவிட்டான். உருளை அழுத்தியதில் புல் கோடு கோடாகப் படிந்திருந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டிய மாதிரியேதான் இருந்தது. வாத்தியார் எழுந்து, குடையை விரித்துக்கொண்டு போனார். ஐயங்கார் அவருக்கு ஒரு டம்ளர் மோர் வரவழைத்துக் கொடுத்தார் என்று பின்னால் தெரிந்தது. அதில் உப்பு இருந்ததாம்.

அன்று மத்தியானம் முழுக்க நானும் முனுசாமியும் முட்டி போட்டு அந்த நாலைந்து வரிசையை அரிவாளால் அறுத்தோம். சாயங்காலம் செக்ரட்டரி துரை டென்னிஸ் ஆடினார், அவருக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை ஒரு சைக்கிள் ஃப்ரீவீலின் ஸ்பிரிங்கைப் போட்டேன். காதர் பாய் வந்து பார்த்து, “நான்தான் சொன்னேனே, என் நாக்கு தப்பு பண்ணாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாக்கோடு மிஷின் யுத்தம் முடிந்த பிறகும், துரைமார் கப்பலேறிய பிறகும் ஓடியது. புதிதாக வந்த கமிட்டிக்கு ‘மிஷின் ஓடும் வரைக்கும்’ என்ற நிபந்தனையே தெரியாது. ஐயங்காரும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றாவது ஓலை வாசித்தார்கள். ‘தடை ஏதாவது தெரிந்தவர்கள்’ என்று சாமியார் நிறுத்தியபோது நான் வாத்தியாரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகு அசையவில்லை.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து, சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த பிலோமினாவிடம் பெருமையாகச் சொன்னேன், “உங்க அப்பா வெச்ச பரீட்சையில மிஷின் நிக்காம ஓடிச்சு தெரியுமா?”

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

“கடைசியில பெட்டியில புல்லே விழலையாமே?”

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். “யார் சொன்னா?”

“அப்பாதான். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னார். ‘மிஷின் நல்லா ஓடிச்சு, ஆனா ஒவ்வொரு திருப்பத்திலயும் அது மூச்சு வாங்கிச்சு’ன்னு.”

“தெரிஞ்சும் ஏன் தடை சொல்லலை?”

“அம்மாவும் அதைத்தான் கேட்டாங்க. அப்பா சொன்னார், ‘வேலை நிரந்தரமான்னு கேட்டப்ப அந்த ஐயங்கார் பொய் சொல்லலை. இவன் கல்யாணம் நிக்கப் போகுதுன்னப்ப பொய் சொன்னார். கூட வேலை செய்றவன் தொண்டை கிழியக் கத்துறான். வேலை போனா போகட்டும், இப்படி ரெண்டு பேரை சம்பாதிச்சவனுக்குப் பொண்ணு குடுக்கலாம்’ன்னு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்க ரசத்தில் காரம் அதிகம் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக முனுசாமியிடம் இதைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. கைப்பிடியை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

“இன்னா நைனா சொல்றே? மூச்சு வாங்குனது தெரிஞ்சு பூட்ச்சா? அவரு அந்தாண்ட பாக்கும்போதுதானே வாங்குனேன்!”